கறுப்புத் திரையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆன்டி வைரஸ் போடலாம்?" என்பது. இரண்டாவது கேள்வி, "பார்மட் பண்ண எவ்வளவு ஆகும்?" என்பது. வாங்கி மூன்று மாதம் கூட ஆகியிருக்காது. எதற்குப் பார்மட் என்று கேட்டால், "ஒரு சைட் திறக்க மாட்டேங்குது சார்" என்பார்கள். ஒரு சைட் திறக்கவில்லை என்பதற்காகக் கம்ப்யூட்டரை பார்மட் செய்வது, பஸ் வரவில்லை என்பதற்காக வீட்டை இடித்துக் கட்டுவது போன்றது. ஆனால் மதுரையில் இது தினமும் நடக்கிறது. மற்ற ஊர்களிலும் நடக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனையூர் பக்கம் எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர் இருக்கிறார். மகள் கல்லூரிக்குப் போகப் போகிறாள் என்று கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ஒரு கல்லூரியின் விண்ணப்பத்திற்குக் கடைசி நாள். காலையில் இருந்து அந்தக் கல்லூரியின் தளம் திறக்கவில்லை. கூகுள் திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது, இது மட்டும் வரவில்லை. பயந்து போய் சர்வீஸ் செய்யும் ஒருவரை அழைத்தார்கள். அவர் வந்தார், பார்த்தார், "வைரஸ்" என்றார். மதியம் வரை உட்கார்ந்து பார்மட் செய்தார். சாயங்காலம் தளம் திறந்தது. விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. அறுநூறு ரூபாய் கொடுத்து, காபியும் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

இரவுதான் அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அதற்கு முந்தைய ஆண்டு இறந்துபோன அப்பத்தாவின் போட்டோக்களைப் போனில் இடம் இல்லை என்று கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்திருந்தாள். போனில் அழித்தும் விட்டாள். எல்லாம் பார்மட்டில் போய்விட்டது.

"அண்ணே, எடுக்க முடியுமாண்ணே?" என்று என்னிடம் வந்தார்கள். முடியவில்லை. ஆனால் அன்று காலையில் வந்த எர்ரரைத் தோழிக்கு அனுப்புவதற்காக அவள் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அதைக் காட்டினாள். வெள்ளைத் திரையில் பெரிதாக 503 என்று இருந்தது. கோளாறு இருந்தது அந்தக் கல்லூரியின் பக்கத்தில். இவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தங்கமாக வேலை செய்திருக்கிறது. தளம் சாயங்காலம் தானாகச் சரியாகியிருக்கிறது. பெயர் மட்டும் பார்மட் செய்தவருக்குப் போய்ச் சேர்ந்தது.

503 என்ற எண்ணைப் பார்த்தவுடன் இதை எப்படிச் சொல்ல முடியும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த எண் உங்கள் கம்ப்யூட்டரில் பிறப்பதில்லை. உங்கள் கேள்வி இன்டர்நெட் வழியாகப் போய்ச் சேர்ந்து, அந்தப் பக்கத்தில் இருந்து ஒருவர், "இப்போது முடியாது" என்று பதில் சொல்லியிருக்கிறார். பதில் வந்திருக்கிறது என்றால் உங்கள் கம்ப்யூட்டர், மோடம், லைன் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். 502, 504 ஆகியவையும் இதே குடும்பம்தான். 502 என்றால், வாசலில் நிற்பவர் உள்ளே கேட்டார், உள்ளே இருந்து உருப்படியான பதில் வரவில்லை. 504 என்றால் உள்ளே கேட்டுவிட்டுக் காத்திருந்தார், நேரம் கடந்துவிட்டது. "திஸ் சைட் கான்ட் பி ரீச்டு" என்று பிரவுசர் சொல்வது வேறு கதை. அது உங்கள் பக்கத்துக் கோளாறாகவும் இருக்கலாம்.

யார் அந்த வாசலில் நிற்பவர்? அவருக்கு லோட் பேலன்சர் என்று பெயர். புது கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு இது எதற்கு என்று தோன்றும். ஆனால் நீங்கள் தினமும் திறக்கும் பெரிய தளங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் உங்களுக்கு முதலில் பதில் சொல்வது இவர்தான்.

2019 ஏப்ரல் மாதத்தை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 18-ஆம் தேதி மீனாட்சியம்மன் தேரோட்டம், அன்றே பாராளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. கூட்டத்தை நினைத்து மதுரைக்கு மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப்போட நேரம் கொடுத்தார்கள். 19-ஆம் தேதி அதிகாலையில் அழகர் வைகையில் இறங்கினார். அன்று காலை 9.30 மணிக்கு பிளஸ் டூ ரிசல்ட். ஆற்றில் லட்சக்கணக்கானவர்கள் நின்று கொண்டிருந்த அதே காலையில், தமிழ்நாடு முழுவதும் 8 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைத் தேடினார்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அந்த ஆண்டு ரிசல்ட் பார்க்க மூன்று தள முகவரிகளை அறிவித்திருந்தது. ஒன்று டி.என். ரிசல்ட்ஸ் என்று ஆரம்பிக்கும். மற்ற இரண்டும் டி.ஜி.இ.1, டி.ஜி.இ.2 என்று ஆரம்பிக்கும். பதிவு செய்த மொபைல் எண்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஏற்பாடும் இருந்தது.

அந்த 1, 2 என்ற எண்களைக் கவனியுங்கள். கூட்டத்தைப் பிரித்து அனுப்புவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. மூன்று வாசல் திறந்து வைத்து, எந்த வாசலில் நுழைவது என்பதை ஜனங்களிடமே விட்டுவிடுவது. இதில் உள்ள குறை, நம்மவர்களில் பெரும்பாலோர் பேப்பரில் முதலில் எந்த முகவரி இருக்கிறதோ அதைத்தான் டைப் செய்வார்கள். இரண்டாவது வாசலில் கூட்டம் குறைவு என்று யாருக்கும் தெரியாது.

இதை ஜனங்களிடம் விடாமல் கம்ப்யூட்டரே செய்ய ஒரு பழைய வழி உண்டு. ஒரே பெயருக்குப் பின்னால் நான்கைந்து எண் முகவரிகளை வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பது. 1995 ஏப்ரலில் வெளியான ஆர்.எப்.சி. 1794 என்ற ஆவணமே இந்த விஷயத்தைப் பற்றியதுதான். இந்த வழியில் ஒரு சிக்கல். அந்த எண்ணில் இருக்கும் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. செத்த சர்வரின் முகவரியையும் கூச்சப்படாமல் கொடுக்கும்.

மேலூர் பக்கம் கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு நீர்க்கட்டியைத் தெரியும். ஊருக்குப் பொதுவான ஆள். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பது அவர் கையில். அவர் மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட மாட்டார். வரப்பில் நடந்து போய் எந்த வயல் நிரம்பிவிட்டது, எங்கே வாய்க்கால் அடைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த மடையைத் திறப்பார். லோட் பேலன்சர் செய்வதும் இதுதான். பின்னால் உள்ள ஒவ்வொரு சர்வரையும் அடிக்கடி தட்டிப் பார்க்கும். அமேசானின் கிளவுட் சேவையில், நாம் எதையும் மாற்றாவிட்டால், 30 விநாடிக்கு ஒருமுறை தட்டும். 5 விநாடிக்குள் பதில் வர வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை தவறினால் அந்த சர்வரை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு ஆட்களை அனுப்பும். ஒதுக்கப்பட்டது மறுபடி தொடர்ந்து ஐந்து முறை ஒழுங்காகப் பதில் சொன்னால்தான் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்.

சரி, இதை வீட்டில் இருந்து எப்படிப் பார்ப்பது? இங்குதான் நான் சொல்ல வந்த கறுப்புத் திரை வருகிறது.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னல் திறக்கும். டாஸ் காலத்தில் கம்ப்யூட்டர் படித்த எங்களைப் போன்றவர்களுக்கு இது பிறந்த வீடு. மவுசோடு வளர்ந்தவர்களுக்கு இதைக் கண்டாலே நடுக்கம். ஒன்றும் ஆகாது. அதில் என்எஸ்லுக்கப் என்ற கட்டளையை (என், எஸ், எல், ஓ, ஓ, கே, யு, பி என்று எட்டு எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை) டைப் செய்து, ஒரு ஸ்பேஸ் விட்டு, நீங்கள் திறக்க நினைக்கும் தளத்தின் பெயரைக் கொடுத்து என்டர் தட்டுங்கள்.

நாலைந்து வரி வரும். முதல் இரண்டு வரியில் சர்வர், அட்ரஸ் என்று இருப்பதைப் பார்த்து அதுதான் அந்தத் தளம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் முதலில் செய்யும் தவறு இது. அது உங்களுக்குப் பதில் தேடிக் கொடுத்த சர்வரின் பெயரும் எண்ணும். பல வீடுகளில் உங்கள் மோடத்தின் எண்ணே அங்கு இருக்கும். அடுத்து "நான் ஆதரிட்டேட்டிவ் ஆன்சர்" என்று ஒரு வரி வந்தால் அதுவும் எர்ரர் அல்ல. வேறொருவர் சொல்லிக் கேட்ட பதில் என்று நேர்மையாகச் சொல்கிறது, அவ்வளவுதான். அதற்குக் கீழே வருவதுதான் சரக்கு. ஒரே பெயருக்கு இரண்டு, மூன்று எண் முகவரிகள் இருந்தால் அங்கே கூட்டத்தைப் பிரிக்கும் ஏற்பாடு இருக்க வாய்ப்பு உண்டு. நேம் என்ற வரியில் நீங்கள் கொடுத்த பெயர் இல்லாமல் வேறு ஏதோ நீளமான பெயர் இருந்தால் இன்னும் சுவாரசியம். அந்த நீளப் பெயரில் ஈ.எல்.பி., அமேசான்ஏ.டபிள்யூ.எஸ். என்று வந்தால், அந்தத் தளத்தின் வாசலில் நிற்பது அமேசானின் லோட் பேலன்சர். நடுவில் ஏ.பி.-சவுத்-1 என்று இருந்தால் அது மும்பையில் நிற்கிறது. அமேசான் மும்பையில் தன் கிளவுட் மையத்தைத் திறந்தது 2016 ஜூனில். நம்ம சென்னையில் மைக்ரோசாப்ட் அதற்கு முந்தைய ஆண்டே திறந்துவிட்டது.

"நான் எக்சிஸ்டென்ட் டொமைன்" என்று வந்தால் பெரும்பாலும் பெயரை நீங்கள் தப்பாக டைப் செய்திருக்கிறீர்கள். "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்று வந்தால் உங்கள் பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். அதே கட்டளையின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் விட்டு 8.8.8.8 என்று சேர்த்தால், உங்கள் மோடத்தை விட்டுவிட்டு கூகுளின் பெயர் சர்வரிடம் கேட்கும். அங்கு பதில் வந்து இங்கு வரவில்லை என்றால் கோளாறு எங்கே என்று உங்களுக்கே புரியும்.

பலரும் முதலில் பிங் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். 1983-ல் மைக் மூஸ் என்பவர் எழுதிய அருமையான சின்ன புரோகிராம் அது. ஆனால் வெளித் தளங்களைச் சோதிக்க அதை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. பிங்குக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று கதவைச் சாத்தி வைத்திருக்கும் தளங்கள் ஏராளம். தளம் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும், பிங் மட்டும் பதில் இல்லை என்று சொல்லும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி பார்மட்காரரைக் கூப்பிட்டுவிடுவீர்கள்.

அதைவிட கர்ல் நல்லது. 1998-ல் வெளிவந்த இந்தக் கட்டளை 2018-லிருந்து விண்டோஸ் 10 உடனேயே வருகிறது. விண்டோஸ் 11-லும் இருக்கிறது. கர்ல் (சி, யு, ஆர், எல்), ஒரு ஸ்பேஸ், ஒரு சிறு கோடு, அதை ஒட்டி ஐ என்ற பெரிய எழுத்து, மறுபடி ஸ்பேஸ், பிறகு எச்.டி.டி.பி.எஸ். சேர்த்துத் தளத்தின் முழு முகவரி. என்டர் தட்டியதும் வரும் முதல் வரியில் அந்த எண் இருக்கும். 200 என்றால் நலம். 301, 302 என்றால் வேறு முகவரிக்குப் போகச் சொல்கிறது, அதுவும் நலம். 502, 503, 504 என்றால் டீ குடித்துவிட்டு வாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஜன்னலின் தலைப்பில் பவர்ஷெல் என்று இருந்தால் இந்தக் கட்டளை அங்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும். கமாண்ட் பிராம்ப்டில்தான் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் வெளியில் நின்று வாசலைப் பார்ப்பது. உள்ளே இருந்து பார்ப்பது எப்படி என்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. என் அக்கா மகள் இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கிறாள். கிளவுட் சர்வர்களைக் கவனிப்பதுதான் வேலை. ஒரு தீபாவளி சமயத்தில் திருமங்கலத்தில் பலகாரக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்காக அவளை என் வீட்டிலேயே உட்கார வைத்தேன். நண்பர் இன்டர்நெட்டில் ஆர்டர் எடுத்து சென்னை, பெங்களூர் என்று அனுப்புகிறவர். பண்டிகைக் கூட்டம் தாங்க வேண்டும் என்று கிளவுடில் இரண்டு சர்வர், முன்னால் ஒரு லோட் பேலன்சர் என்று வாடகைக்கு எடுத்திருந்தார். ஒரு வாரமாகத் தளம் நத்தை போல ஊர்ந்தது. அதைப் பராமரிக்கும் ஆட்கள் படங்களும் பட்டன்களும் நிறைந்த பக்கத்தைத் திறந்து காட்டி, "லோட் பேலன்சர் ஆக்டிவ்னு பச்சையா இருக்கு பாருங்க, உங்க நெட்தான் ஸ்லோ" என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. நேராகக் கறுப்பு ஜன்னல். ஏ.டபிள்யூ.எஸ்., ஸ்பேஸ், ஈ.எல்.பி.வி.2, ஸ்பேஸ், டிஸ்கிரைப்-லோட்-பேலன்சர்ஸ் என்று டைப் செய்து என்டர் தட்டினாள். ஒன்றுமே வரவில்லை. வெறும் அடைப்புக்குறிகள். "ஐயோ, யாரோ அழிச்சுட்டாங்களா?" என்று நண்பர் எழுந்தே விட்டார். "இருங்க மாமா" என்று சிரித்துக்கொண்டே, கட்டளையின் கடைசியில் ரீஜியன் என்று போட்டு மும்பையின் குறியீட்டைச் சேர்த்தாள். அவளுடைய கம்ப்யூட்டர் சிங்கப்பூரில் போய்த் தேடியிருக்கிறது. மும்பை என்று சொன்னதும் பட்டியல் கொட்டியது. பெயர், என்று உருவாக்கப்பட்டது, எந்த வகை, வெளியுலகத்துக்குத் திறந்ததா, நிலை என்ன என்று எல்லாம் வரிசையாக. நிலை, ஆக்டிவ். பராமரிப்பு ஆட்கள் சொன்னது பொய் இல்லை.

"ஆக்டிவ்னா கேட் திறந்திருக்குன்னு அர்த்தம் மாமா. உள்ள வேலைக்கு ஆள் இருக்கான்னு இது சொல்லாது" என்றாள். அடுத்து டிஸ்கிரைப்-டார்கெட்-குரூப்ஸ் என்று கேட்டாள். பின்னால் நிற்கும் சர்வர் கூட்டத்தின் பெயர் கிடைத்தது. ஒரு முழ நீளத்துக்கு இருந்த அந்தப் பெயரைக் காப்பி செய்து, டிஸ்கிரைப்-டார்கெட்-ஹெல்த் என்ற கட்டளையோடு ஒட்டினாள். இரண்டு சர்வருக்கும் இரண்டு பதில். ஒன்று ஹெல்தி. மற்றது அன்ஹெல்தி. காரணம் என்ற இடத்தில் டார்கெட் டைம் அவுட்.

லோட் பேலன்சர் தட்டிப் பார்க்கிறது, இரண்டாவது சர்வர் கதவைத் திறக்கவே இல்லை. பத்து நாளுக்கு முன் யாரோ பாதுகாப்பு என்ற பெயரில் அந்த சர்வரின் பயர்வால் விதிகளை மாற்றியபோது லோட் பேலன்சரையும் சேர்த்துத் தடுத்துவிட்டார்கள். பண்டிகைக் கூட்டம் முழுவதையும் ஒரே சர்வர் தலையில் சுமந்திருக்கிறது. நண்பர் இரண்டுக்கும் வாடகை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு விதியைத் திருத்தினார்கள். சில நிமிடங்களில் அதே கட்டளைக்கு இரண்டு ஹெல்தி வந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தகவல் பட்டன் நிறைந்த பக்கத்திலும் இருக்கிறது. ஆனால் வேறொரு பக்கத்தில், உள்ளே தள்ளி. பச்சை நிறத்தைப் பார்த்தவுடன் மனிதன் தேடுவதை நிறுத்திவிடுகிறான். கறுப்புத் திரையில் நாம் கேள்வி கேட்டால்தான் பதில். என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டியிருக்கிறது. அது தொல்லைதான். அந்தத் தொல்லைக்காகவே அதை எனக்குப் பிடித்திருக்கிறது. பழுதான சர்வரை உங்கள் கண்ணில் படாமல் மறைப்பதுதான் லோட் பேலன்சரின் வேலை. அதை அது நன்றாகச் செய்தால் பழுது இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகும். கேட்டால்தான் சொல்லும். இன்னொரு வசதியும் உண்டு. வந்த பதில் வெறும் எழுத்து என்பதால் அதை அப்படியே ஒரு பைலில் சேமித்து, நேற்று வந்ததையும் இன்று வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தெரிந்தவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். "மேலே நீலமா ஒரு கட்டம் இருக்குல்ல" என்று போனில் விளக்கிக் கொண்டிருக்க வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு நீங்களும் கிளவுடில் கணக்கு ஆரம்பித்து லோட் பேலன்சர் ஒன்றை உருவாக்கிப் பார்க்கலாம் என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். ஒருவரும் உங்கள் தளத்துக்கு வராவிட்டாலும் லோட் பேலன்சருக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடும். கிரெடிட் கார்டு கொடுத்துவிட்டு மறந்துபோனவர்களின் கதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

அதே போல, அந்தக் கட்டளைகள் எல்லாம் டிஸ்கிரைப் என்று ஆரம்பித்ததைக் கவனித்திருப்பீர்கள். அவை பார்க்கும் கட்டளைகள். எத்தனை முறை அடித்தாலும் எதுவும் மாறாது. டிஸ்கிரைப் இருக்கும் இடத்தில் டெலிட் என்று போட்டு ஒரு லோட் பேலன்சரைக் குறிப்பிட்டால், "நிச்சயமாகவா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிடும். முன்கூட்டியே அழிப்புப் பாதுகாப்பு போட்டு வைத்திருந்தால்தான் தப்பும். நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே கணக்குதான். என்எஸ்லுக்கப், பிங் போன்றவை பார்ப்பவை. நான் மேலே எழுதிய கர்லும் பார்ப்பது மட்டுமே. டெல், பார்மட் போன்றவை மாற்றுபவை. எது எந்த ரகம் என்று தெரியாத கட்டளையை டைப் செய்யாமல் இருப்பது உத்தமம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கறுப்புத் திரையைக் கண்டால் நமக்கு இருக்கும் பயத்தை வைத்தே ஒரு கூட்டம் பிழைக்கிறது. "கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்து பேசுகிறோம், உங்கள் மெஷினில் வைரஸ்" என்று போன் செய்வார்கள். கமாண்ட் பிராம்ப்டைத் திறக்கச் சொல்லி ட்ரீ என்று டைப் செய்யச் சொல்வார்கள். சரசரவென்று நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். "பார்த்தீர்களா, எல்லாம் வைரஸ்" என்பார்கள். உண்மையில் ட்ரீ என்பது உங்கள் போல்டர்களின் பெயர்களை மரம் போல வரிசையாகக் காட்டும் பரம சாதுவான கட்டளை. தெரிந்தவன் சிரித்துவிட்டு போனை வைப்பான். தெரியாதவன் பணம் கட்டுவான். 2024-லிருந்து இன்னொன்றும் பரவியிருக்கிறது. நீங்கள் மனிதன்தானா என்று சோதிப்பது போல ஒரு பக்கம் வரும். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் அழுத்தி, வரும் சின்னக் கட்டத்தில் ஒட்டி, என்டர் தட்டுங்கள் என்று சொல்லும். நீங்கள் ஒட்டுவது என்னவென்று உங்களுக்கே தெரியாது. அந்த என்டரோடு உங்கள் பாஸ்வேர்டுகள் கைமாறிவிடும். எந்த நேர்மையான தளமும் இப்படிக் கேட்காது. அடுத்தவர் கொடுத்ததை ஒட்டாதீர்கள். ஒவ்வொரு எழுத்தாக நீங்களே டைப் செய்யுங்கள்.

என் நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. "கார் ஓட்டுகிறவனுக்கு கார்புரேட்டர் தெரிய வேண்டுமா?" என்கிறார்கள். தெரிய வேண்டாம். ஆனால் வண்டி நின்றால் பெட்ரோல் முள்ளைப் பார்க்கத் தெரிய வேண்டாமா? நான் கேட்பது அந்த அளவுதான். கம்ப்யூட்டர் விற்கும் கடைக்காரர்கள் டெலிவரி கொடுக்கும்போது பிரிண்டர் ஓடுகிறதா, பாட்டு கேட்கிறதா என்று காட்டுகிறார்கள். கூடவே ஐந்து நிமிடம் இந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து, "தளம் வரவில்லை என்றால் எங்களைக் கூப்பிடுவதற்கு முன் இதை அடித்துப் பாருங்கள்" என்று காட்டினால் என்ன? அவர்களுக்கும் அலைச்சல் மிச்சம். ஸ்கூலில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். எக்செல்லில் கலர் அடிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தையல்காரர் மகளுக்கு நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என்எஸ்லுக்கப்பும் கர்லும் சொல்லிக் கொடுத்தேன். முதலில் அவளுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா பெரியப்பா" என்று மட்டும் சொன்னாள். நான் ஒன்றும் பேசவில்லை. போன மாதம் இரவு பதினொரு மணிக்கு அவளிடம் இருந்து போன். பரீட்சைப் பணம் கட்ட வேண்டிய தளம் திறக்கவில்லையாம். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று ஆரம்பிப்பதற்குள் அவளே சொன்னாள்: "எல்லாம் பார்த்துட்டேன் பெரியப்பா. பேருக்கு ரெண்டு நம்பர் வருது, கர்ல் போட்டா 502 வருது. நம்ம பக்கம் ஒண்ணுமில்ல. காலைல கட்டிக்கிறேன், கடைசி நாளுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. அப்பா அந்த சர்வீஸ்காரருக்கு போன் போடப் போறாரு, நீங்க கொஞ்சம் அவர்ட்ட பேசுங்க."